அந்தப் பையனுக்கு அரைப்பேர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், சினிமாவுக்கு வெளியே தனிப்பாட்டு பாடிப் பேர் வாங்கிய பாடகிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். குறை சொல்ல வரவில்லை என்று கடிதத்தை ஆரம்பிப்பது வழக்கம், ஆனால் நான் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன். ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டைப் பற்றி அதில் இரண்டு பத்தி இருக்கிறது. பாடகி தீயின் பெயர் ஐந்து தடவை வருகிறது, சரி, வரவேண்டியதுதான். அந்தப் பாட்டை எழுதி, கூட நின்று பாடவும் செய்த அறிவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. “ராப் பாடகர் ஒருவருடன் இணைந்து” என்று இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவராம்! கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து, மணவடையில் பொண்ணு பக்கத்தில் ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார் என்று சொன்ன மாதிரி.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ரேடியோ செட் வைத்திருப்பவன். மைக் செட் என்று போர்டில் எழுதினாலும் ஊரில் ரேடியோ செட் என்றுதான் சொல்வார்கள். அப்பா ஆரம்பித்த தொழில், கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று எல்லா இடத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய குடும்பம். அப்பா காலத்து இசைத்தட்டின் நடுவில் ஒரு வட்டச் சீட்டு ஒட்டியிருக்கும், படம் எது, பாடியது யார், இசை யார் என்று அதில் இருக்கும், நான் எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகியதே பாதி அதில்தான். தட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டால் வாசிக்க முடியாது, ஊசி வைப்பதற்குள் வாசித்துவிட வேண்டும். இலங்கை வானொலி எங்கள் பக்கம் கணீரென்று எடுக்கும். கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் பாட்டுக்கு முன்னால் பேர்களைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மூன்றாம் வகுப்பிலேயே எந்தப் பாட்டை யார் எழுதியது என்று பந்தயம் கட்டுவோம். 1963-ல் வந்த நம் திருநெல்வேலி வானொலியும் பேர் சொல்லித்தான் பாட்டுப் போட்டது. கேசட் வந்தது, அட்டையில் பொடி எழுத்திலாவது பேர் இருந்தது. அப்புறம் நூற்றைம்பது பாட்டு அடைத்த சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, பேர்கள் எல்லாம் உதிர்ந்து போயின. இப்போது என்னிடம் இருக்கிற பாட்டுகளில் பாதிக்கு, பாட்டின் பேருக்குப் பக்கத்தில் அதை இறக்கிக் கொடுத்த திருட்டு இணையதளத்தின் பேர்தான் இருக்கிறது. திருடினவன் பேர் இருக்கிறது, எழுதினவன் பேர் இல்லை. நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, என் தொழில் அப்படி ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் தை மாதம் மணிமுத்தாறு பக்கம் ஒரு சடங்கு வீடு. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் மலைக்காட்டில், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் போட்டார்கள் என்பதும், கூலி கேட்டு ஊர்வலமாக வந்த சனம் 1999 ஜூலை 23-ல் தாமிரபரணிக் கரையில் 17 உயிரைப் பறிகொடுத்ததும், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே 2024 ஜூனோடு வேலை நின்றுபோனதும் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டில் பந்தல் சின்னது, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வேலை தேடி ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டதால் கூட்டமும் இல்லை. இரண்டு பாக்ஸ் மட்டும் வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ‘என்ஜாய் எஞ்சாமி’ போட்டேன், முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்றாவது தடவை வந்து கேட்டது பிள்ளைகள் இல்லை, சடங்கான பொண்ணின் பூட்டி. எழுபத்தைந்து வயசிருக்கும், எல்லாரும் ஆச்சி என்று கூப்பிட்டதால் நானும் ஆச்சி என்றே கூப்பிட்டேன்.

“ஏ தம்பி, இந்தப் பாட்டைப் படிக்கது யாரு?”

“தீன்னு ஒரு பொண்ணு, ஆச்சி.”

“அவ சரி. ஊடால படபடன்னு ஒரு பய சொல்லுதானே, அவன் யாரு?”

அறிவு என்று ஒருத்தர், அரக்கோணத்துக்காரர், பாட்டை எழுதினதும் அவர்தான், அவருடைய ஆச்சியும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், வள்ளியம்மாள் என்கிற அந்தப் பேர் பாட்டுக்குள்ளேயே வருகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பிறந்ததே இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிவைத்த 5,25,000 பேரில் அவரும் ஒருத்தர், 1970-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறார். ஒரு தேயிலைக் காட்டிலிருந்து அனுப்பப்பட்டு, இன்னொரு தேயிலைக் காட்டில் வாழ்க்கைப்பட்டு, வயசான காலத்தில் அங்கிருந்தும் இறங்கி வந்தவர். “கொழுந்து கிள்ளுன கையிலே ரேகை இருக்காது பாத்துக்கோ, அதைத்தான் அந்தப் பய சொல்லுதான்” என்றார். பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது, நான் திருத்தப் போகவில்லை.

அதற்குள் பேத்தி ஒருத்தி என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, “தீ ஃபீட் அறிவு” என்று சத்தமாக வாசித்தாள்.

“ஏளா, பீட்டுன்னா என்னது?”

“கூட வந்து பாடுனவங்க ஆச்சி. விருந்தாளி மாதிரி.”

“எழுதுனவன் விருந்தாளியா? அப்ப அவனுக்கு அரைப்பேர்தான் போட்டிருக்காவ.”

இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் அர்த்தம் தெரியாது என்பதால் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இலங்கைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும், அதாவது கணக்குப் புத்தகத்தில் முழு நாள் கூலி. சொன்ன கிலோ கொழுந்து கிள்ளாவிட்டால் காலையிலிருந்து மழையில் நின்றிருந்தாலும் அரைப்பேர், பாதிக் கூலி. கூலிக்கே பேர் என்றுதான் பேர். ஆச்சியின் அம்மா அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேச மாட்டாராம்.

உங்கள் பக்கத்தில் அந்த அரைப்பேரும் விழவில்லை. யூடியூபிலாவது ஃபீட் என்று ஒரு ஒட்டுச்சொல் போட்டு அறிவின் பேரை எழுதியிருக்கிறார்கள்.

நான் பாடகிக்கு எதிரி கிடையாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே உடனே அந்தப் பொண்ணைத் திட்டுவதற்கு ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. தீயின் குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. கொஞ்சம் மூக்கோடு சேர்ந்து, தூக்கத்திலிருந்து எழுந்து பாடுகிற மாதிரி இருக்கும் அந்தக் குரலை என் பழைய குழாயில் போட்டால்கூடத் தனியாகத் தெரியும். சினிமாவில் பெரிய நடிகர் வாயசைத்த பாட்டில் பாடகியின் பேர் மறைந்துபோன கதை ஆயிரம் இருக்கிறது, அந்த வகையில் ஒரு பாடகியின் பேர் முன்னால் நிற்கிற பாட்டு என்பது நல்ல விஷயம்தான். நீங்கள் அந்தப் பக்கத்தைப் போட்டதும் அதற்காகத்தான் என்று புரிகிறது. அதற்காக இன்னொருத்தர் பேரை அழிக்க வேண்டுமா?

அதுவும் இந்தப் பாட்டில் செய்யலாமா? 2021 மார்ச் 7-ல் பாட்டு வந்தது, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பால் என்கிற ராப்பரும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், அதற்கப்புறம் அந்தப் பத்திரிகை அறிவுக்குத் தனி அட்டை போட்டது. 2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள், அங்கேயும் அறிவு இல்லை. சில நாள் கழித்து அறிவு தன் மனசில் இருந்ததை இன்ஸ்டாகிராமில் எழுதினார், சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தை எழுதினார்கள். மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பாட்டின் வரிகள் அறிவுடையவை என்பது ஊருக்கே தெரியும். இத்தனை கோடிப் பேர் பார்த்த பாட்டில் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார், வெளியிட்ட நிறுவனம் அதற்கு வேறு கணக்குச் சொன்னது. ஆக, காசும் தகராறு, பேரும் தகராறு. நிலமில்லாதவன் நட்ட மரத்தைப் பற்றிய பாட்டுக்கு இந்தக் கதி. ஒரு தடவை நடந்தால் தவறிப்போச்சு என்று விடலாம். அட்டையில் ஒரு தடவை, மேடையில் ஒரு தடவை, இப்போது உங்கள் இணைப்பில் ஒரு தடவை என்றால், ராப் சொல்கிறவனைப் பாட்டுக்கு நடுவில் வந்துபோகிற ஆள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம் என்றுதானே அர்த்தம்.

இதை என் அக்கா மகனிடம் சொன்னேன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான், ராப் எழுதுவான். அவன் என்னோடு ஒத்துப்போகவில்லை. “மாமா, ஃபீட் போடுறது அசிங்கம் இல்ல, போடாம விடுறதுதான் அசிங்கம். அதைப் போட்டாத்தான் அந்தப் பாட்டு என் கணக்குலயும் வந்து நிக்கும்” என்றான். அவன் சொன்னதையும் நியாயமாக எழுதிவிடுகிறேன். இது அமெரிக்காவில் பழகிப்போன முறையாம். மரையா கேரி என்கிற பாடகி 1995-ல் தன்னுடைய ஒரு பாட்டை மறுபடி செய்தபோது ஓ.டி.பி. என்கிற ராப்பரைக் கூப்பிட்டுச் சேர்த்தாராம், அதற்கப்புறம் பாடகி திரும்பத் திரும்ப வருகிற மெட்டைப் பாடுவதும், நடுவில் ராப்பர் வந்து பதினாறு அடி சொல்லிவிட்டுப் போவதும் பெரிய வழக்கமாகிவிட்டதாம். பாட்டு பாடகியுடையது, ராப்பர் தன் பங்கைத் தானே எழுதிக்கொண்டு வருவார்.

அவனும் அப்படி ஒரு பாட்டில் இருக்கிறான். எங்கள் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி தனிப்பாட்டு போட்டாள், இவனுக்கு வாட்ஸ்அப்பில் தாளம் வந்தது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினான், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்ட ஒரு அறையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதில் ஒரு இடத்தில் ‘வாரியல்’ என்று எழுதியிருந்தான். சென்னைக்காரர்களுக்குப் புரியாது, துடைப்பம் என்று மாற்று என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இவன் மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறான், வாரியல் விழுகிற இடத்தில் துடைப்பம் தாளத்தில் ஏறவில்லை, ‘ப்’பில் போய் முட்டுகிறது. கடைசியில் வாரியலே இருந்துவிட்டது. பாட்டில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். போஸ்டரில் பொண்ணின் முகம், பேர், அடியில் தபால்தலை அளவில் ஃபீட் போட்டு இவன் பேர். ஆயிரத்தைந்நூறு ரூபாய் போனில் வந்தது. இவனுக்கு அது போதும். “பேரு வந்துச்சே மாமா.”

பதினாறு அடி சொன்னவனுக்கு அது சரியாக இருக்கலாம், நான் ஒத்துக்கொள்கிறேன். அவன் உண்மையிலேயே விருந்தாளி, வந்தான், சொன்னான், போனான். ஆனால் அடுப்பு மூட்டிச் சமைத்தவரையும் அதே விருந்தாளி வரிசையில் உட்கார வைத்தால் எப்படி? ஒரே ஃபீட் என்கிற சொல் இரண்டு பேருக்கும் போதும் என்று வெள்ளைக்காரன் வைத்தால் அது அவன் பாடு, நாம் தமிழில் எழுதும்போதாவது பிரித்து எழுதலாமே. இதை நான் சொன்னதும் மருமகன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் போனைப் பார்க்கப் போய்விட்டான்.

இதற்கு வழி தேடி நாம் அமெரிக்கா போக வேண்டாம், பக்கத்துச் சுடலைமாடன் கோயிலுக்குப் போனால் போதும். எங்கள் பக்கம் கொடைக்கு வில்லுப்பாட்டில் பெண் புலவர்கள் தலைமையேற்று வில்லைத் தட்டுகிற வீசுகோலைப் பிடிப்பது சாதாரணம். நோட்டீசில் அந்தம்மா பேர் கொட்டை எழுத்தில் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி வில்லைத் தட்டி, சாமியைக் கும்பிட்டு, சபையை வணங்கி முடித்ததும் அடுத்த வேலை என்ன? குடத்தில் இன்னார், உடுக்கையில் இன்னார், பக்கப்பாட்டில் இன்னார் என்று ஊர்ப் பேரோடு சொல்லி அறிமுகம் செய்வார். ஆமா போடுகிறவருக்கும் பேர் உண்டு. நான் மைக் வைக்கிறவன் என்பதால் இது தெரியும், குடத்துக்கு ஒரு மைக் தனியாக வைக்காவிட்டால் புலவரே பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். கணியான் கூத்திலும் முதல் பாட்டுக்காரரான அண்ணாவி ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு போவார், அவருக்கு இருமல் வந்துவிட்டால் அண்ணாவி காத்திருப்பார், மகுடம் என்கிற பறை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே யாரும் விருந்தாளி இல்லை. ஒவ்வொருத்தர் பேருக்கும் முன்னால் அவர் செய்கிற வேலை இருக்கிறது, அதுதான் விஷயம்.

ஒரு விஷயம் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதினவருக்கும் இசை போட்டவருக்கும் பங்குத்தொகை உரிமையை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வைத்தார்கள், தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிற உரிமை அதற்கு முன்னாலேயே சட்டத்தில் இருந்தது. கல்யாண ஊர்வலம் போன்ற சடங்குகளில் பாட்டுப் போட்டால் குற்றமில்லை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, நான் இத்தனை வருஷம் கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்ட பாட்டுகளுக்கு எழுதினவர்களுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. என் வாடகை, என் கரண்ட், என் பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவர்கள் பாட்டில் ஓடியது. காசு கொடுக்காதவன் பேரையாவது சொல்ல வேண்டாமா என்றுதான் சடங்கு வீட்டிலிருந்து வந்ததற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தனிப்பாட்டு எதைப் போட்டாலும் மைக்கை எடுத்து, பாடியது இன்னார், எழுதியது இன்னார், இசை இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். இலங்கை வானொலிக் குரலெல்லாம் எனக்கு வராது. ஆரம்பத்தில் பையன்கள் சிரித்தார்கள். இப்போது நான் ஒரு பேரை விட்டுவிட்டால் பந்தலிலிருந்தே கத்துகிறான்கள்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு பாட்டைப் பற்றி எழுதினால் அதை எழுதினவர் பேரையும் போடுங்கள், இடமில்லை என்றால் உரிச்சொல் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கத்தில் ‘மயக்கும்’ என்று மட்டும் ஏழு தடவை எண்ணினேன். ராப்பும் வரிகளும் இன்னார் என்று எழுதுங்கள், இணைந்து, உடன், ஒருவர் என்று மழுப்ப வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வரித் திருத்தம் வந்தால் போதும். என் கடைக்கு ஏழு மணிக்கு முன்னாலேயே பேப்பர் வந்துவிடும், அன்றைக்கு எனக்கு மணிமுத்தாறு பக்கம் ஒரு வேலை இருக்கிறது, போகிற வழியில் ஆச்சி வீட்டில் வண்டியை நிறுத்திப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதாக இருக்கிறேன். முழுப்பேர் போட்டிருக்காவளா என்றுதான் ஆச்சி முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
ரேடியோ செட்காரன் ஒருவன்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்